மணமும் வலியும்

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் நடப்போர்க்கு, பண்டகசாலையின் கதவு கண்ணிற் படுமுன்னரே உள்ளிருக்கும் சரக்கு இன்னதென்று மூக்கு உரைத்துவிடும். மிளகும் சுக்கும் ஏலமும் அவ்வூரின் வாணிபத்தோடு மட்டுமன்றிக் காற்றோடும் கலந்தவை. எலுமிச்சம்புல்லிலிருந்து வடிக்கும் எண்ணெய்க்கு உலகச் சந்தையில் 'கொச்சி எண்ணெய்' என்றே பெயர் வழங்கிற்று. அதன் பெரும்பகுதி கொச்சித் துறைமுகத்தின் வழியே சென்றமையே காரணம். மலையாள மக்கள் அதனைப் புல்தைலம் என்பர். அப்புல்லை ஆராய்வதற்கென எர்ணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951-இல் ஒரு நிலையமும் ஏற்பட்டது.

இத்தகைய தைலங்களைத் தலைவலிக்கும் உடல்வலிக்கும் முகர்வது நம்மவர் வழக்கம். பிழைக்க வந்த ஊரில் ஒரு நாட்கூலியை இழக்க அஞ்சுவோர்க்கு அதுவே முதல் மருந்து. சில சமயம் ஒரே மருந்து. ஆகவே, அதனால் உண்டாகும் நிவாரணம் மெய்யா, மனமயக்கமா என்பதை நாம் அறிந்துகொள்வது நன்று.

மூக்கின் மேற்கூரையில் மணத்தை ஏற்கும் நரம்பணுக்கள் உள்ளன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் இவற்றில் அமைந்துள்ளன. இவ்வேற்பிகளைக் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. காட்சியும் ஒலியும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்னும் பகுதியைக் கடந்தே மேற்செல்லும். மணத்திற்கோ அந்தச் சுங்கச்சாவடி இல்லை. அது மூளையின் முன்னடியிலுள்ள முகர்குமிழை அடைந்து, அங்கிருந்து அச்சம், இன்பம், நினைவு முதலியவற்றோடு தொடர்புடைய பகுதிகளுக்கு நேரே செல்கிறது. அயலூர்த் தெருவொன்றில் கொத்தமல்லி வறுபடும் மணம் வந்த அளவில், தாயின் அடுக்களை நம் நெஞ்சில் எழுவதற்கு இக்குறுக்குவழியும் ஒரு காரணம் எனலாம்.

வலியோ, நாம் எண்ணுவதுபோல், அடிபட்ட இடத்தோடு முடிவதன்று. முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு வாயில் உண்டென்றும், அதைத் திறப்பதிலும் மூடுவதிலும் மூளைக்குப் பங்குண்டென்றும் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் 1965-இல் கூறினர். மேலேறும் வலிச் செய்தியைத் தணிக்கும் கட்டளையை மூளை கீழே அனுப்பவல்லது என்பது பின்னர் உறுதியாயிற்று.

மணம் அக்கட்டளையைத் தூண்டுமா? ஜப்பானின் ககோஷிமாப் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. லினலூல் என்னும் மணப்பொருளின் ஆவியைச் சுண்டெலிகள் முகர்ந்தபோது, அவை வலியை மிகுதியும் பொறுத்தன. முகரும் திறன் நீக்கப்பட்ட எலிகளிடம் அப்பயன் இல்லை. ஆகவே, மருந்து நுரையீரல் வழியே குருதியிற் கலந்து செய்த வேலையன்று அது; மணம் செய்த வேலை. மூளையின் அடிப்பகுதியில் ஒரெக்சின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை அழித்தபோதும் பயன் மறைந்தது. இந்த லினலூல் எங்கோ விளையும் அரிய பொருளன்று. கொத்தமல்லி விதை எண்ணெயின் தலையாய கூறே அதுதான்! எனினும், ஆய்வுக்கூடத்து ஆவியின் செறிவு வேறு, ரசத்தின் மணம் வேறு.

மனிதரைப் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. கனடாவில் 2003-இல் வெளிவந்த ஆய்வொன்றில், சூட்டினால் வலியூட்டப்பெற்றோர் நறுமணத்தை முகர்ந்தபோது, வலியின் அளவு குறைந்ததாகக் கூறவில்லை. அது தந்த துன்பமே குறைந்தது என்றனர். நம் கருத்தில் இதுவே இப்பொருளின் உயிர்நாடி. கொச்சிக் கோட்டைப் பகுதியின் சலவைத்துறையில் தலைமுறைகளாகத் துணி துவைத்துவரும் தமிழ்க் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். மாலையில் முகரும் தைலம் தோள்வலியின் துயரை ஆற்றலாம். தோளின் தசைநார் நைந்திருந்தால் அது நைந்தபடியேதான் இருக்கும். மேலும், மணத்தை முகர்பவரிடமிருந்து மறைக்க இயலாதாகையால், மணத்தின் பயனையும் நம்பிக்கையின் பயனையும் பிரித்தறிவது ஆய்வாளர்க்கே கடினம்.

புதினாவிலிருந்து பெறும் மெந்தாலின் குளிர்ச்சி மணத்தைச் சேர்ந்ததன்று. குளிரை உணரும் ஏற்பியையே அது தூண்டுகிறது. அதனால் மணமறியும் திறனை இழந்தோரும் அக்குளிர்ச்சியை உணர்வர்.

மார்பில் தோன்றி இடக்கைக்குப் பரவும் வலி, திடீரெனத் தாக்கும் கடுந்தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றுக்குத் தைலத்தை நாடிக் காலம் போக்காமல் உடனே மருத்துவரை அடைதல் வேண்டும். கற்பூரமோ மெந்தாலோ கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவலாகாது. அவர்தம் மூக்கருகே கொண்டுசெல்லவும் கூடாது, மூச்சுத் திணறல் உண்டாகக்கூடும். வீட்டிலுள்ள தைலப்புட்டி அவர்கள் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும். கற்பூரத் தைலம் சிறிதளவு உட்சென்றாலும் வலிப்பு காணும்.