குதிரைக்கு ஒரு காணி

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவதுண்டு; பிள்ளை வீட்டுக்குப் போவதுண்டு; சிலர் பகவத் கீதைக்கு உரை எழுதத் தொடங்குவதும் உண்டு. நமது நண்பர் ஒருவர் அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றதும், "இரண்டு குதிரைகளுக்கு நல்ல இடம் பார்க்க வேண்டும், நீங்களும் கூட வர வேண்டும்" என்று நம்மிடம் வந்து நின்றார்.

குதிரைகள் இரண்டும் அவருடையவை. ஒன்று பத்தொன்பது வயதுக் கிழப் பெட்டை. மற்றொன்று ஏழு வயதுக் கத்தியவார் ஆண் குதிரை. சென்னைக்கு வெளியே வாடகை லாயம் ஒன்றில் அவற்றை வைத்திருந்தார். சுற்றிலும் மனைக்கற்கள் நடப்பட்டு, லாயக்காரரும் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கையில் இருந்தது சேமநிதிப் பணம். அதைக் கொண்டு நிலமும் வாங்க வேண்டும், தாமும் மனைவியும் கடைசிக் காலம் வரை சாப்பிடவும் வேண்டும். தவறான நிலத்தை வாங்கிவிட்டால் திருத்திக் கொள்ள இன்னொரு ஆயுள் இல்லை.

நேயர்களில் பலர் குதிரை வளர்த்திருக்க மாட்டார்கள். ஆகையால் கணக்கை முதலில் சொல்லி விடுகிறோம். முந்நூற்றைம்பது, நானூறு கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழெட்டுக் கிலோ உலர்ந்த தீவனம் வேண்டும். இரண்டு குதிரைக்கு வருஷத்துக்கு ஐந்தாறு டன். தண்ணீர், தலைக்கு 25 முதல் 40 லிட்டர்; கோடையில் அதற்கும் மேல். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை அதைச் செதுக்கிச் சீர் செய்யாவிட்டால் குதிரை நொண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே வயிற்று வலி வந்துவிட்டால் மனிதருக்குப் போல் 'காலையில் பார்த்துக் கொள்ளலாம்' என்று இருப்பதற்கில்லை. இத்தனைக்கும் மேலாக ஒன்று: குதிரை 25, 30 வருஷம் உயிர் வாழும். ஏழு வயதுக் குதிரைக்கு இருபத்தேழு ஆகும்போது நம் நண்பருக்கு எண்பது. இந்தக் கணக்கை அவர் மனைவி ரயிலிலேயே போட்டுக் காட்டினார். நண்பர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்தார்.

முதலில் போனது அவருடைய பூர்வீகத்துக்கு, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். "தம்பி, நிலத்துக்குக் காசா கேட்கப் போகிறேன்? வாய்க்காலுக்கு அக்கரையில் இரண்டு மா உனக்கு" என்றார் தமையனார். இலவசமாக வரும் நிலத்தை மறுப்பது எளிதன்று. ஆனால் நெல் விளையும் மண் வருஷத்தில் பல மாதம் ஈரமாக இருக்கும். ஈரத்தில் நிற்கும் குளம்பு அழுகும். ஈரத்தோடு கூட வருவது ஈ. குதிரையைக் கொல்லும் 'சர்ரா' என்னும் காய்ச்சலை ஒரு குதிரையின் இரத்தத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு போவது கடிக்கும் பெரிய ஈக்களே. அந்நோயின் கிருமியை 1880-ல் தேரா இஸ்மாயில் கானில் கண்டறிந்தவர் கிரிஃபித் ஈவான்ஸ் என்னும் கால்நடை வைத்தியர்.

தமிழ்நாட்டுக்குக் குதிரை கடல் வழியாக வந்த செய்தியைப் பட்டினப்பாலையே கூறுகிறது. பாண்டிய நாட்டுக் கரைக்கு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை மடிந்து போவதாகவும், பராமரிப்பு அறிந்தவர் இல்லாததே அதற்குக் காரணமென்றும் எழுதி வைத்தார். தஞ்சையில் மராட்டியர் குதிரைகள் வைத்திருக்கவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ராஜ்யமும் இருந்தது. ஓய்வூதியக்காரர் ஒருவர் அவர்களைப் பார்த்துச் செய்ய முடியாது. தமையனாருக்கு மனவருத்தந்தான், நாம் என்ன செய்வது?

அடுத்தது ஓசூர். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரம். மிதமான வெயில், குளிர்ந்த இரவு. கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் பட்டாளத்துக்குக் குதிரை சேர்க்கும் பண்ணையை 1824-ல் மத்திகிரியில் ஏற்படுத்தினார்கள். இடத்தைத் தேர்ந்ததில் குறை கூற முடியாது. ஆனால் நிலத்தின் விலையை எண்ணிக் கம்பெனியார் நம் நண்பரைப் போல் தூக்கம் கெட்டவர்கள் அல்லர். இன்றைக்கு ஒரு பக்கம் பெங்களூரும் மற்றொரு பக்கம் தொழிற்சாலைகளும் நெருக்குகின்றன. அங்கே நிலம் சென்ட் கணக்கில்தான் பேசப்படுகிறது. மலிவாக வேண்டுமானால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் உள்ளே போக வேண்டும். அங்கே யானைகள் வருகின்றன. நண்பர் அதற்கும் துணிந்தார். அவர் மனைவி துணியவில்லை.

ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போனோம். நிலம் பார்ப்பதற்காக அல்ல; குதிரைக்காரர்களிடம் யோசனை கேட்பதற்காக. அங்கே கூடும் குதிரைச் சந்தையைப் பார்த்திராதவர்கள் ஒரு முறை பார்க்க வேண்டும். காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரைகளும் கத்தியவார்க் குதிரைகளும், வண்டி இழுக்கும் நாட்டு மட்டங்களும் வரிசையாக நிற்கும். அங்கே ஒரு வயோதிகர் குதிரையை விற்பதற்கன்றிக் காட்டுவதற்காகவே கொண்டு வந்திருந்தார். அவர் சொன்னது: "நெலத்தை அப்புறம் பாருங்க. லாடங் கட்டறவன் எத்தனை மைல்ல இருக்கான்னு மொதல்ல கேளுங்க. மாட்டு லாடக்காரனை உட்டுக் குதிரைக் காலைத் தொட உடாதீங்க. டாக்டரும் அப்படித்தானுங்க."

இதைக் காட்டிலும் பயனுள்ள அறிவுரை நமக்கு எங்கும் கிடைக்கவில்லை. மாட்டு வைத்தியம் அறிந்தவர் எல்லா ஊரிலும் உண்டு. குதிரையின் வயிற்றைக் கேட்டுச் சொல்லக் கூடியவர் சிலரே. ஆகவே நாமக்கல்லிலும் 2020-ல் உடுமலைப்பேட்டையிலும் ஏற்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிகளை மையமாக வைத்துப் படத்தில் வட்டம் போட்டோம். அந்த வட்டங்களுக்குள் விழுந்தன தாராபுரம், மூலனூர், காங்கயம்.

காங்கயம் என்றால் காளை நினைவுக்கு வரும். அக் காளைகளை வளர்த்தது அங்குள்ள கொறங்காடு. மழை குறைந்த செம்மண் சரளைப் பூமி. நாலைந்து ஏக்கராகப் பிரித்து, சுற்றிலும் கிளுவையை உயிர்வேலியாக நட்டு, நடுவே வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் வளர விட்டிருக்கிறார்கள். முள் கம்பியில் சிக்கித் தோல் கிழிந்த குதிரையைப் பார்த்தவர்களுக்குக் கிளுவை வேலியின் அருமை தெரியும். நிலம் கெட்டி, நீர் தேங்காது, குளம்புக்கு உத்தமம். விலையும் ஓசூரைப் போல் இல்லை. நண்பர் அன்றைக்கே முன்பணம் கொடுத்து விடுவார் போலிருந்தது.

நாம் தடுத்ததற்குக் காரணம் புல். கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கு அமிர்தம். ஆனால் அதில் ஆக்ஸாலேட் என்னும் சத்து மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக் கொண்டு உடலில் சேர விடுவதில்லை. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து விடும். குதிரைக்கு அத்தகைய இரைப்பை இல்லை. மாதக் கணக்கில் இப் புல்லையே தின்னும் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். நடை தடுமாறும், முக எலும்பு வீங்கும். ஆஸ்திரேலியாவில் இதே புல்வெளிகளில் இதைக் கண்டு 'பெருந்தலை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். தவிட்டை அள்ளிப் போட்டாலும் இதே கேடு விளையும். பரிகாரம் நம் உழவர் வைத்த பெயரிலேயே இருக்கிறது: குதிரை மசால். சுண்ணாம்புச் சத்து நிறைந்த பயிர் அது; கொள்ளுடன் அதையும் அளவாகக் கொடுத்து, மேய்ச்சலில் அறுகம்புல்லும் இருந்தால் பயமில்லை. ஆனால் குதிரை மசாலுக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே நாம் தேட வேண்டியது வெறும் கொறங்காடு அன்று. அரை ஏக்கருக்காவது பாயும் கிணறு உள்ள கொறங்காடு.

அப்படியும் ஒன்று அகப்பட்டது, அதுவும் பாதி விலையில். தரகர் மிகவும் அவசரப்பட்டார். ஊர்க் கிணற்றடியில் ஒரு பாட்டி மாத்திரம், "அது எங்க பாட்டன் காலத்துச் சர்க்கார் பூமி, சாமி" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக் கொண்டு போனார். தாலுகா ஆபீஸில் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது விஷயம் வெளிப்பட்டது. அது பஞ்சமி நிலம். செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892-ல் பிறந்த உத்தரவின்படி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று அளிக்கப்பட்ட நிலம். அவர்களல்லாத பிறருக்கு விற்க முடியாது. பாதி விலையின் இரகசியம் இதுதான். வில்லங்கச் சான்று மாத்திரம் பார்த்துப் பணம் கொடுத்திருந்தால் பணமும் போயிருக்கும். பணம் போகாமல் தப்பியிருந்தால் அது அதை விடக் கேவலம். ஏழையின் காணியில் பணக்காரன் குதிரை மேய்வதற்கு நாம் துணை போவதில்லை என்று சொன்னோம். நண்பர் தம்மைப் பணக்காரன் என்றதற்குக் கோபித்துக் கொண்டார். மற்றதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

முடிவைக் கடைசியில் செய்தவர் அவர் மனைவி. "நீங்கள் வாங்கவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் கொறங்காட்டை வருஷக் குத்தகைக்கு விடுகிறார்களாமே! ஒரு கோடையைப் பார்ப்போம். கிணறு வற்றுகிறதா என்று பார்ப்போம். எனக்கு நெஞ்சு வலித்தால் தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நேரமாகிறது என்றும் பார்ப்போம். உங்கள் குதிரைக்கு டாக்டர் தேடினீர்களே!" என்றார். இரண்டு மாதமாக நாமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறோம்.

மூலனூருக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கர், ஒரு கிணறு, ஓட்டு வீடு ஒன்று. ஒரு வருஷக் குத்தகை. ஐப்பசியில் முதல் மழை பெய்து புல் தழைத்திருந்தபோது குதிரைகள் லாரியில் வந்து இறங்கின. இளங்குதிரை படலைத் திறந்ததும் வேலிக்கு வேலி ஓடிற்று. கிழப் பெட்டை கொழுக்கட்டைப் புல்லை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, கிணற்று வாய்க்கால் ஓரத்து அறுகைத் தேடி மெல்ல நடந்தது.