சீப்பில் வரும் முடியும் குமருகளின் கவலையும்

காலையில் பாடசாலைக்குப் புறப்படும் மகள் தலைசீவும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா, சகோதரி? சீப்பில் சுற்றிய முடியை உங்களுக்குத் தெரியாமல் உருட்டி ஒளிக்கிறாளா? கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லி நின்றுவிடுகிறாளா? அப்படியென்றால் அவளோடு உட்கார்ந்து பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஸ்காஃபுக்குள் இருப்பதுதானே, யார் காணப்போகிறார்கள் என்று நினைக்கிறோம். காண்பவர்கள் நாம்தான். வெளியே மூடியிருக்கும் தலை வீட்டிலும் கலியாண வீட்டின் பெண்கள் பகுதியிலும் திறக்கிறது. அங்கே இருப்பவர்கள் மாமியும் சாச்சியும் மச்சியும். "என்ன பிள்ள, தலை இப்படி வெளிச்சிப் போச்சு?" என்று நாலு பேர் முன்னால் கேட்பவர்களும் அவர்களே. ஆண்பிள்ளைக்கு வழுக்கை விழுந்தால் வீட்டில் பகிடி பண்ணுவார்கள். பெண்பிள்ளைக்கு விழுந்தால் வீடே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. அந்த மௌனம் அவளை அதிகமாக நோகச் செய்கிறது.

என் ராத்தாவின் மகளுக்கு அப்போது 17 வயது. 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்ததே, அந்த வருடம் ஜூலையில் அவளும் ஒரு கிழமை வாட்டில் கிடந்தாள். சுகமாகி வீட்டுக்கு வந்து, ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்த பிறகு முடி கொத்துக் கொத்தாக வரத் தொடங்கியது. உம்மம்மா கண்ணூறு என்றார். பக்கத்து வீட்டார் ஓர் எண்ணெயைக் கொண்டுவந்தார்கள். ஒரு கடையில் விலைகூடிய மாத்திரைப் போத்தல் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் இப்படியே போனது. அவளோ குளிப்பதற்கே பயந்தாள். தண்ணீர் போகும் வாயில் முடி அடைத்து நிற்பதைக் காண வேண்டி வருமே!

கடைசியில் தோல் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "இரண்டு மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் ஏதும் வந்ததா?"

விஷயம் இதுதான். நம் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பிறகு விழுகிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை, பட்டினி கிடந்து உடம்பை இளைப்பது போன்ற அதிர்ச்சி வந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெருந்தொகை ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்து விழும்போது, காய்ச்சல் நம் நினைவிலேயே இருப்பதில்லை. வேர் சாகவில்லை என்பதால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வது நின்று திரும்ப முளைக்கிறது. மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். ஆகவே பழைய பின்னலைக் காண வருடக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

இந்தக் கவலை இன்று நேற்று வந்ததுமல்ல. நோயுற்று முடி உதிர்ந்த ஒரு மணப்பெண்ணுக்காக, வேறு முடியை இணைத்துக்கொள்ளலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டதும், அவர்கள் அதைத் தடுத்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளன. ஓர் அறிவிப்பில் அந்த நோய் சின்னமுத்து என்று வருகிறது. காய்ச்சலுக்குப் பின் முடி கொட்டும் கதைதான் அன்றும்! முடி ஒட்டுவது வேறு, நோய்க்கு மருந்து செய்வது வேறு. முழுத் தலையும் இழந்தவர்கள் விக் பற்றி அறிய விரும்பினால் நம்பிக்கையான ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மருந்து செய்யத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லா முடி உதிர்வும் காய்ச்சலால் வருவதல்ல. குமர்ப்பிள்ளைகளில் முதலில் பார்க்க வேண்டியது இரும்புச் சத்து. மாதவிலக்கில் அதிகம் போகும் பிள்ளை, சோற்றைக் கொறித்துவிட்டு உடனே பிளேன்டீ குடிக்கும் பிள்ளை என்றால் சந்தேகமே வேண்டாம், இரத்தத்தைச் சோதியுங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. ஈரல், மாட்டிறைச்சி, பருப்பு, கீரை எல்லாம் நம் வீட்டில் உள்ளவையே. கீரைக்கு மேல் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. தைரொயிட் குறைந்தாலும் கூடினாலும் முடி விழும். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், நாடியில் முடி முளைத்து, தலையில் மட்டும் குறைகிறது என்றால் சூலகம் சம்பந்தப்பட்ட ஹோர்மோன் கோளாறாக இருக்கலாம். இதற்கெல்லாம் எண்ணெயில் மருந்தில்லை. முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை தைரொயிட் பரிசோதனையின் முடிவையே பிழையாகக் காட்டக்கூடும். குடித்திருந்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

நாணயம்போல் வட்டமாக ஓரிடம் வழுக்கையானால் அது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது. தொற்றாது, பூச்சி தின்பதுமல்ல. சிறிய வட்டங்கள் பல வேளை தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரிதாகப் பரவினால் இன்று மருந்துகள் உண்டு. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஒரு மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பரம்பரையாக வரும் குறைவு மெதுவாக வரும். கொத்தாக விழாது. வகிடு மட்டும் வருடா வருடம் அகலும். உம்மா வழியிலும் வரும், வாப்பா வழியிலும் வரும். சிலருக்குப் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகிறது. இதற்குப் பூசும் மினொக்சிடில், முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. குடித்தவர்களுக்கு முடி வளர்வதைக் கண்டுதான் பூச்சு மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கும் 1991இல் பெண்களுக்கும் அதை அனுமதித்தார்கள். முதற் சில கிழமைகளில் முடி இன்னும் கூடுதலாக விழலாம். பயந்து அந்த நேரத்தில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் செல்லும், நிறுத்தினால் பலனும் போய்விடும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டொக்டர் சொன்னால் மட்டுமே. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பூசக் கூடாது. நானாவுக்கு எழுதிக் கொடுத்த ஃபினாஸ்டரைட் மாத்திரையைத் தங்கை எடுத்துக் குடிப்பது அதைவிட ஆபத்து. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி கையால் தொடவும் கூடாது. வயிற்றில் உள்ள ஆண்குழந்தையைப் பாதிக்கும்.

தலையை மூடுவதால் முடி கொட்டுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். மூடுவதால் கொட்டுவதில்லை, இழுப்பதால் கொட்டும். ஸுபஹுக்குக் குளித்து ஈரத் தலையை இறுக்கி முடிந்து, மேலே தொப்பி போட்டு ஊசி குத்தி, பாடசாலையும் டியூஷனும் முடிந்து அஸருக்குத்தான் அவிழ்க்கிறார்கள். ஈர முடி இலேசில் இழுபட்டு உடையும். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் இழுத்தால் நெற்றியோர வேர் செத்தே போகலாம். இராக் குளிப்பு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், காலையில் பத்து நிமிடம் முந்தி எழும்பச் சொல்லுங்கள். கொண்டையைத் தாழ்வாகவும் தளர்வாகவும் போடட்டும்.

இனிக் கலியாணப் பேச்சு. முடி குறைந்த மகளின் தாய்மார் என்னிடம் இரகசியமாகக் கேட்பது இதைத்தான்: சொல்வதா, மறைப்பதா? என் அபிப்பிராயம், பேச்சு முற்றுவதற்கு முன் சொல்லிவிடுவதே. கலியாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒளித்துத் தலைசீவும் வாழ்க்கையை எந்தத் தாய் மகளுக்குக் கொடுப்பாள்? ஆனால் மகளைக் கேட்காமல் நீங்களாகச் சொல்லாதீர்கள். எப்போது, யார் சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். பெண் பார்க்கப் போய், "கொண்டையை அவுத்துக் காட்டுங்க மகள்" என்று கேட்கும் மாமிமாரும் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் மகனின் நெற்றி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

ராத்தாவின் மகளுக்கு அடுத்த நோன்புக்குள் புதுமுடி வந்துவிட்டது. நெற்றியில் முளைத்த குட்டி முடிகள் ஸ்காஃபுக்குள் அடங்குவதில்லை என்று முறைப்பட்டாள். அவளோடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்த இன்னொரு பிள்ளைக்குப் பரம்பரைக் குறைவு. அவள் இன்னும் மருந்து பூசுகிறாள்.

பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தோல் கிளினிக் உண்டு, காசு தேவையில்லை. போகும் அன்று தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம், வகிடு தெளிவாகத் தெரிய வேண்டும். கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது, மாதவிலக்குத் தேதிகள், குடித்த மாத்திரைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் ஸ்காஃபைக் கழற்றும்போது நீங்களும் கூட நில்லுங்கள்.