சந்திரனிற் கொப்பர்னிக்கஸ் குழி

தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியே சந்திரனை நோக்குவார், கொப்பர்னிக்கஸ் என்னும் 93 கிலோமீட்டர் அகன்ற குழியை மேலிருந்தே காண்கின்றனர். அதன் ஆழத்தை நிழல்கொண்டே உய்த்துணர வேண்டும். 1966-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், சந்திரனைச் சுற்றிவந்த ‘லூனார் ஆர்பிட்டர் 2’ என்னும் அமெரிக்கக் கலம், சுமார் 46 கிலோமீட்டர் உயரத்தினின்று அக்குழியைச் சாய்வாக நோக்கிப் படம் பிடித்தது. மனிதர் இறங்குதற்கேற்ற சமனிலங்களை ஆராய்வதே அக்கலத்தின் தொழில். சரிவில் இறங்கின் ஏறிச்சென்றார் உயிர்க்கே ஏதமன்றோ! இக்குழி அதற்கு வேண்டப்படாதது. எனினும், படச்சுருளை இடையிடையே நகர்த்த வேண்டியிருந்தமையின், வாளா நகர்த்தாது இதனையும் எடுத்தனர். சுருள் கலத்தினுள்ளேயே துலக்கப்பெற்று, நுண்ணிய ஒளிக்கதிரால் வரிவரியாக அளக்கப்பட்டு, வானொலி அலைகளாகப் பூமியை எய்தியது. குழி நடுவே எழுந்த குன்றுகளையும், படிப்படியாய்ச் சரிந்த மதிலையும் எதிர்நின்றாற்போல மக்கள் அப்படத்திலேதான் முதன்முதற் கண்டனர்.