பனையேறிக் கெண்டை: பெயரும் உண்மையும்

“மீன் எதனால் சுவாசிக்கிறது?” என்று கேட்டால் வகுப்பே “செவுளால்!” என்று சொல்லிவிடும். சரிதான். ஆனால் அந்த விடைக்குள் முழுதாக அடங்காத நன்னீர் மீன் ஒன்று நம் சிங்கப்பூரிலேயே உண்டு. தமிழில் பனையேறிக் கெண்டை, மலாயில் புயு.

பெயரைப் பார்ப்போம்

1791இல் தரங்கம்பாடியில் டல்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தருகே இருந்த பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797இல் வெளியிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் இதை நம்பவில்லை. பறவை கவ்விக்கொண்டுபோய் மரத்தில் விட்டிருக்கலாம் என்றார்கள். இது கெண்டை இனமும் இல்லை. நீங்கள் தொட்டியில் வளர்க்கும் சண்டை மீனுக்குத்தான் உறவு.

அப்படியென்றால் என்னதான் செய்யும்?

தரையில் நகரும். செவுள் மூடியின் ஓரத்தில் முட்கள் உள்ளன. மூடியை விரித்து முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி முன்னேறும். உடல் ஈரமாக இருந்தால் பல மணி நேரம் தாங்கும்.

தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் விழுங்கும் காற்றிலிருந்து அது உயிர்வளியை எடுக்கும். செவுள் மட்டும் இதற்குப் போதாது. மேலே வரவிடாமல் தடுத்தால், மீனாக இருந்தும் தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும்!

எங்கே வாழும்?

சதுப்பு, குட்டை, மெதுவாக ஓடும் ஆறு. வெயிலில் குட்டை வற்றும், உயிர்வளி குறையும். அடுத்த நீரைத் தேடிப் போகிற மீனே பிழைக்கும். இன்றைய தேக்கா பக்கம், எருமைகள் புரண்ட காலத்தில் அப்படிப்பட்ட சதுப்பு நிலம்தான். இன்று அங்கே கான்கிரீட் கால்வாய். செங்குத்தான சுவரில் இந்த முட்களால் என்ன பயன்? பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாயை நீக்கி, 2012இல் மண்ணும் செடியுமாகக் கரை அமைத்தார்கள். நிலத்துக்கும் நீருக்கும் இடையே போய்வரும் உயிர்களுக்கு அத்தகைய சரிவான கரைதான் வழி.

மாணவர்களுக்கு

கருத்தறிதலில் “இம்மீன் ஏன் நிலத்தில் நகர்கிறது?” என்று கேட்டால், “முட்கள் இருப்பதால்” என்று எழுதிவிடாதீர்கள். அது ‘எப்படி’ என்பதற்கான விடை. ‘ஏன்’ என்பதற்கு விடை, வற்றும் குட்டையில் இருக்கிறது.