இரண்டு ஏடுகளும் ஒரு கணக்கும்

அஞ்சலகத்தில் பணம் சேமிப்போர் யாவரும் இதனை அறிவர். கணக்கு ஒன்று, அதற்கு ஏடுகள் இரண்டு. ஒன்று அஞ்சலகத்துப் பேரேடு. மற்றொன்று நம் கையிலுள்ள பாஸ் புத்தகம். இரண்டும் ஒத்திருக்கும்வரை கவலை இல்லை. வேறுபட்டால் எதனை நம்புவது? இக்கேள்வியே இன்று வீட்டிலுள்ள கணினிக்கும் சட்டைப் பையிலுள்ள கைப்பேசிக்கும் இடையே எழுந்துள்ளது. நாட்குறிப்பையும், உற்றார் நண்பரின் எண்களையும் இரண்டிலும் எழுதி வைக்கிறோம். அவற்றை ஒரே நிலையில் வைத்திருக்கும் முறைக்கு ஒத்திசைவு என்று பெயர். இளைஞர் ‘சிங்க்’ என்று கூறுவது இதனையே.

கணினியும் கைப்பேசியும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். 1996இல் வெளிவந்த பாம் பைலட் என்னும் கையடக்கக் கருவி அவ்வாறுதான் செய்தது. அதனைக் கணினியுடன் இணைத்த தாங்கியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒத்துக்கொள்ளும். இன்றைய வழக்கமான முறை வேறு. அதற்கு எங்கள் ஜவ்வாது மலையிலிருந்தே ஓர் உவமை கூறலாம்.

இம்மலைக் காவலூரில் 1968 முதல் வானாய்வு நடைபெற்று வருகிறது. அவ்வூர் கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 78 பாகை 50 கலையில் உள்ளது. இந்தியத் திட்ட நேரமோ 82 பாகை 30 கலைக்கு உரியது. ஆகவே அங்கே கதிரவன் உச்சியை அடைவது, சராசரியாக, நம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்குமேல் சுமார் 15 நிமிடம் சென்ற பிறகே. ஒவ்வோர் ஊரும் தன் தலைமேல் நிற்கும் கதிரவனையே பின்பற்றினால் ரயிலைப் பிடிப்பது எங்ஙனம்? ஆகவே ஊர்கள் யாவும் பொதுவான ஒரு நேரத்தை ஏற்றுக்கொண்டன. ஒத்திசைவின் உயிர்நிலையும் இதுவே. தொலைவில் உள்ள ‘சர்வர்’ என்னும் கணினியில் பொதுப் பேரேடு ஒன்று இருக்கிறது. நம் கருவிகள் இரண்டும் தனித்தனியே அதனோடுதான் ஒப்பிட்டுக்கொள்கின்றன.

ஒப்பிடுவது எவ்வாறு? ஒவ்வொரு குறிப்புக்கும் மாறாத அடையாளம் ஒன்று உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மாணவனுக்கு உரிய எண்ணைப் போன்றது அது. குறிப்பு திருத்தப்படும்போதெல்லாம் மாறுகின்ற முத்திரை ஒன்றும் உண்டு. முத்திரை மாறியிருந்தால் புதிய குறிப்பைக் கருவி பெற்றுக்கொள்ளும். ஒரே குறிப்பை இரண்டு இடங்களிலும் திருத்தியிருந்தால், “நீ படித்தபின் ஏடு மாறிவிட்டது, மீண்டும் படித்துவிட்டு எழுது” என்பதுபோல் பேரேடு மறுத்துவிடும். அதன்பின் எதனைக் கொள்வது என்பதைச் செயலி தானே முடிவு செய்யும், அல்லது நம்மைக் கேட்கும். நாட்குறிப்புக்கு 2007இல் வந்த கால்டேவ், முகவரிகளுக்கு 2011இல் வந்த கார்டுடேவ் என்னும் பொதுவிதிகள் இவ்வகையில் அமைந்தவையே.

இத்துணை ஒழுங்கு இருந்தும் பிழை நேர்வது எங்கே? என் அனுபவத்தையே கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூர் மாணவன் ஒருவனுக்கு விடுதிச் சேர்க்கைக்கான நேர்காணல் வந்தது. வியாழக்கிழமை என்று குறித்துக்கொண்டு, அவனை அழைத்துவர மலையேறினேன். பின்னர் நேர்காணல் புதன்கிழமைக்கு மாற்றப்பட்டது. வீட்டில் இருந்த என் மகள் உடனே கணினியில் திருத்தினாள். அப்பாவின் கைப்பேசியிலும் மாறிவிடும் என்று நம்பினாள். நான் இருந்த ஊரிலோ அலைவரிசை எட்டவில்லை. வியாழன் காலை பேருந்தில் இறங்கி வருகையில், அடிவாரத்தில் கைப்பேசிக்கு உயிர் வந்தது. என் கண்முன்னே அந்தக் குறிப்பு முதல் நாளுக்குத் தாவிற்று. இடம் வேறொருவருக்குச் சென்றுவிட்டது. பையன் ஓராண்டைச் சாமைக் காட்டில் கழித்து, மறு ஆண்டே சேர்ந்தான். அவன் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே என்னை மிகவும் வருத்திற்று.

பேரேடு திருந்தியது, கையேடு அதனைக் காணவில்லை. இவ்வளவே நடந்தது. ஆதலின் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். மலைக்கோ தொலைவூருக்கோ புறப்படுமுன், இணைப்பு உள்ள இடத்திலேயே நாட்குறிப்பைத் திறந்து புதுப்பித்துக்கொள்க. புதிய எண்ணைச் சேமிக்கும்போது, அது சிம் அட்டையில் தங்குகிறதா, பொதுக் கணக்கிற்குச் செல்கிறதா என்று நோக்குக. சிம்மில் மட்டும் தங்கிய எண் கணினிக்கு வராது. அழித்தலும் ஒரு திருத்தமே என்பதை மறவற்க. ஓரிடத்தில் அழித்தது மற்றோரிடத்திலும் அழியும். ஆகவே ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று கருதலாகாது. மாதம் ஒருமுறை முகவரிகளை வி.சி.எஃப். கோப்பாக எடுத்துத் தனியே வைப்பது நன்று.

இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. பிறருடைய வாழ்வைத் தொடும் நாள் ஒன்று மாறுமாயின், ஏட்டில் திருத்தியதோடு அமையாமல் ஆளிடம் சொல்லி, அவர் “தெரிந்துகொண்டேன்” என்று கூறும்வரை ஓயற்க. அன்று முதல் எங்கள் வீட்டில் அதுவே வழக்கம்.