படகோட்டிகள் கட்டிய ஊர்

வடகரை வரலாறு – 7

கறுப்பர் நகரத்தின் மதில் எங்கே முடிந்ததோ, அங்கே ராயபுரம் தொடங்கியது. ஹைதர் அலியின் குதிரைப்படை 1760-களின் இறுதியில் சென்னையின் வாசல்வரை வந்து மிரட்டிப் போன பிறகு எழுப்பிய மதில் அது. அதன் வடகிழக்கு மூலையில் கடலைப் பார்த்து நின்ற பீரங்கி மேடைதான், இன்று பஸ் ஸ்டாப்பின் பெயராக மிஞ்சியிருக்கும் கிளைவ் பேட்டரி. மதிலுக்குள் கம்பெனியின் காவல் இருந்தது. வெளியே மணலும் தென்னையும் குடிசைகளும் இருந்தன. அந்த வெளிப்புறத்தில் குடியேறியவர்கள் தமக்கு வேண்டியதைத் தாமே கட்டிக்கொண்டார்கள். ராயபுரத்தின் பழைய சொத்துகளைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டிய சேதி இதுதான்.

அலைக்கு அப்பால் நின்ற கப்பல்கள்

சென்னைக்கு நெடுங்காலம் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளுநரானாலும் அரிசி மூட்டையானாலும் மசூலாப் படகில் ஏறித்தான் கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை அறைந்தால் நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. அந்த அலைகளை எண்ணிப் பார்த்து, ஏறும் கணத்தையும் இறங்கும் கணத்தையும் கணிக்கும் வித்தை கரையோர மக்களிடம் இருந்தது. சென்னையின் ஏற்றுமதியும் இறக்குமதியும் அவர்களுடைய தோளில்தான் நடந்தன.

அந்தப் படகுக்காரர்களில் கத்தோலிக்கர்களான குருகுல முதலியார்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியதுதான் புனித ராயப்பர் ஆலயம். ராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழங்கிய பெயர். அவரே கலிலேயக் கடலில் வலை வீசியவர் என்பதால் கடலோடிகள் அவரைத் தங்களவராகவே கொண்டாடினார்கள். ஊருக்கும் அவர் பெயரே நிலைத்தது. ஒரு படகோட்டிச் சமூகம் தன் உழைப்பில் கட்டிய கோயில், ஒரு பெருநகரத்தின் பகுதிக்கே பெயர் தந்திருக்கிறது. சென்னையில் ஆளுநர்களின் பெயரைத் தாங்கிய தெருக்கள் எத்தனையோ உண்டு. உழைப்பவர்கள் ஊருக்குப் பெயர் வைத்தது அரிது. அதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டும்.

துறைமுகம் கொண்டுபோன கரை

1875-இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அலைதடுப்புச் சுவர்களைப் பெயர்த்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். துறைமுகம் நிலைபெற நிலைபெற மசூலாப் படகுக்கு வேலை குறைந்தது. இழப்பு அதோடு நிற்கவில்லை.

நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். கடலுக்குள் நீண்ட சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வந்து சேர வேண்டிய மணல் வராமல், ராயபுரத்துக் கரையை அலை அரித்துத் தின்றது. தென்சென்னை உலாவும் மணற்பரப்பில் வடசென்னையின் பங்கும் கிடக்கிறது. காசிமேடு நோக்கிப் போகும் சாலையோரம் இன்று கொட்டிக் கிடக்கும் கருங்கற்கள் அந்த அரிப்பைத் தடுக்கப் போட்டவை. கடல் கொண்டுபோனது எந்தப் பத்திரத்திலும் பதியாத நிலம். இழந்தவர்களுக்கு நஷ்டஈடு கேட்கவும் வழியில்லாத நிலம்.

அணையாத நெருப்பு

1795-இல் குடகிலிருந்து ஹிர்ஜிபாய் மானெக்ஜி காராஸும் இன்னும் சில பார்சிகளும் சென்னை வந்து ராயபுரத்தில் நிலம் வாங்கினார்கள். நூறாண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தும் அவர்களுக்கென்று ஒரு நெருப்புக் கோயில் இல்லை. 1906-இல் பிரோஜ் கிளப்வாலாவின் மகன் ஜால் சிறுவயதிலேயே இறந்தபோது, மரபுப்படி சடங்கு செய்ய இடமில்லாத துயரம் அந்தத் தந்தையை வாட்டியது. தன் மகன் பெயரில் அவர் கட்டித்தந்த கோயில் 1910-இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஒரே பார்சிக் கோயில் இது. நிற்பதோ மேற்கு மாதா கோயில் தெருவில்! ஒரு நாளின் ஐந்து பொழுதுகளிலும் குரு விறகிட்டு அந்த நெருப்பை வளர்க்கிறார்.

இந்தக் கிளப்வாலா குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர்தான் மேரி கிளப்வாலா ஜாதவ். 1952-இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரியை நிறுவியவர். இன்று சென்னைப் பார்சிகள் மிகச் சிறிய எண்ணிக்கையினர். ஆனாலும் கோயில் பொலிவோடு இருக்கிறது. பொறுப்பேற்க ஒரு சமூகம் இருக்கும்வரை கட்டடம் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நிலையம் இருக்கிறது, பயணிகள் எங்கே?

1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை பொதுமக்கள் பயணம் செய்தார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரயில் அதற்கு முன்பே ஓடியது உண்மைதான். ஆனால் அங்கே முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. உயர்ந்த தூண்களோடு நிற்கும் ராயபுரம் நிலையமே இந்தியாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம். 1873-இல் சென்ட்ரல் வந்ததும் இதன் செல்வாக்கு சரிந்தது. 2005-இல் புதுப்பித்தார்கள். வெள்ளையடிப்பது மட்டும் போதாது. நெடுந்தூர ரயில்கள் இங்கிருந்து புறப்பட வேண்டும் என்று வடசென்னை மக்கள் பல்லாண்டாகக் கேட்கும் கோரிக்கை நியாயமானது. பழைய கட்டடத்தைத் தொடாமல், பக்கத்தில் இருக்கும் ரயில்வே நிலத்தில் அதைச் செய்யலாம்.

உங்கள் வீட்டுப் பெட்டியில்

கோயிலையும் நிலையத்தையும் பற்றி எழுத ஆதாரம் கிடைக்கிறது. சாதாரண வீடுகளுக்கு அது கிடைப்பதில்லை. அர்த்தூன் சாலை என்ற பெயரில் ஓர் ஆர்மீனியர் இருக்கிறார். ஆதாம் சாகிப் தெரு, சோமு செட்டி தெரு என்று நடந்தால் யார் யார் இங்கே வாழ்ந்தார்கள் என்று தெருப் பலகைகளே சொல்லும். அந்தத் தெருக்களில் மெட்ராஸ் டெரஸ் கூரையும் தேக்கு உத்திரமும் திண்ணையும் உள்ள வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாகின்றன. பாகம் பிரிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது; பழைய வீட்டைப் பேணும் செலவை யாரும் பகிர்ந்துகொள்வதில்லை.

ஆனால் இடிப்பதற்கு முன் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பதிவுத்துறை 1864 முதல் இயங்குகிறது. அந்தக் காலத்து மூலப்பத்திரங்கள் பல வீடுகளின் இரும்புப் பெட்டியில் இருக்கக்கூடும். நான்கெல்லை விவரத்தைப் படித்துப் பாருங்கள்: கிழக்கே யார் வீடு, மேற்கே யார் தோப்பு, வடக்கே எந்தச் சத்திரம் என்று ஒரு தெருவே அதில் குடியிருக்கும். வீட்டை விற்கும்போது பத்திரமும் கைமாறிப் போய்விடும். அதற்குள் ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பெயர்கள் யாருடையவை என்று கேட்டு எழுதுங்கள். அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த ஊர் எதையும் அப்படிக் காத்திருந்து கட்டியதில்லை.

(தொடரும்)