நூற்றுக்கு முப்பத்தெட்டு

வேப்பூர் கூட்டுரோட்டில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கைப்பேசியில் இரண்டு மூன்று இணையப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் தொட்டவுடன் வந்து நிற்கும். இன்னொன்றோ, பேருந்து வந்து, ஏறி, இடம்பிடித்து, சீட்டு வாங்கிய பிறகும் வெள்ளைத் திரையாகவே இருக்கும். இந்த வேறுபாட்டை அளந்து மதிப்பெண் போடும் கருவிகள் இருக்கின்றன.

என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவரின் தந்தை விருத்தாசலத்தில் சிறிய பீங்கான் பட்டறை நடத்துகிறார். அகல் விளக்கு, பொம்மை, மின்கம்பி இன்சுலேட்டர் ஆகியவை செய்கிறார்கள். மாணவர் அதற்கு ஓர் இணையதளம் அமைத்தார். கூகுளில் தேடினால் அது அகப்படவே இல்லை. இந்த நிலையில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் தளத்தின் வேக மதிப்பெண் நூற்றுக்கு 38. இருபதாயிரம் ரூபாய் கொடுத்தால் நூறு ஆக்கித் தருகிறேன். தேடலில் முதலிடம் நிச்சயம்" என்றாராம். "கொடுக்கலாமா, சார்?" என்று மாணவர் என்னைக் கேட்டார். பட்டறைக்கு அது சிறிய தொகை அல்ல.

முதலில் அந்த 38 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கூகுள் நிறுவனத்தின் 'லைட்ஹவுஸ்' என்னும் கருவி இதைக் கணக்கிடுகிறது. நடுத்தர விலைக் கைப்பேசி ஒன்று, வினாடிக்கு 1.6 மெகாபிட் மட்டுமே தரும் மந்தமான இணைப்பு ஆகியவை இருப்பதாக வைத்துக்கொண்டு, அது பக்கத்தைத் திறந்து பார்க்கிறது. முதல் எழுத்து எப்போது தெரிந்தது, பெரிய படமோ பத்தியோ எப்போது வந்தது, எவ்வளவு நேரம் திரை மரத்துப்போய் நின்றது, படித்துக்கொண்டிருக்கும்போதே வரிகள் எவ்வளவு இடம்பெயர்ந்தன என்பன போன்ற ஐந்து அளவுகளைச் சேர்த்து மதிப்பெண் இடுகிறது. 90க்கு மேல் பச்சை, 50க்குக் கீழே சிவப்பு. மறுமுறை சோதித்தால் இரண்டு மூன்று மதிப்பெண் மாறவும் செய்யும். ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலை அளக்கும்போது இருமுறையும் ஒரே விடை வருகிறதா என்ன?

மாணவரின் தளத்தில் கோளாறு எங்கே என்று கணக்குப் போட்டோம். முகப்பில் விலைப்பட்டியல் நான்கு நிழற்படங்களாக இருந்தது. ஒவ்வொன்றும் 3 மெகாபைட். ஆக 12 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். எனவே 96 மெகாபிட். இதை 1.6ஆல் வகுத்தால் 60 வினாடி! முழுதாக ஒரு நிமிடம்.

அதே பட்டியலை எழுத்தாகத் தட்டச்சு செய்திருந்தால்? தமிழ் எழுத்து கணிப்பொறியில் அதிக இடம் பிடிக்கும் என்பது உண்மைதான். 'தமிழ்' என்னும் சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணிப்பொறியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 பைட் ஒதுக்குகிறது. சொல்லுக்குச் சராசரியாக 30 பைட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 500 சொற்களுக்கு 15,000 பைட்தான். அது வந்து சேர ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இன்னொரு தாமதமும் உண்டு; இயற்பியல் ஆசிரியனான எனக்கு அது பிடித்தமானது. அந்தத் தளம் அமெரிக்காவில் உள்ள கணிப்பொறி ஒன்றில் இருந்தது. தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர் என்று கொள்வோம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். போய்வர 0.14 வினாடி. முதலில் தொடர்பு கொள்ள ஒருமுறை, பாதுகாப்புச் சாவியைப் பரிமாற ஒருமுறை, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒருமுறை என்று மூன்று தடவை போய்வந்தால் 0.42 வினாடி. இதைக் குறைக்க எந்த நிபுணராலும் ஒளியை விரட்ட முடியாது. பக்கத்தின் நகலைச் சென்னையிலோ மும்பையிலோ வைத்துத் தூரத்தைக் குறைப்பதே வழி.

சரி, மதிப்பெண் நூறானால் தேடலில் முதலிடம் கிடைக்குமா? இங்கேதான் கவனம் தேவை. தேடலில் வரிசைப்படுத்தும்போது வேகத்தையும் கணக்கில் கொள்வதாகக் கூகுள் 2010 ஏப்ரலில் அறிவித்தது. 2018 ஜூலையில் கைப்பேசித் தேடலுக்கும் அது வந்தது. ஆனால் மிகவும் மெதுவான பக்கங்களையே அது பாதித்தது. 2021இல் புதிய அளவுகோல்கள் சேர்ந்தன. இவை லைட்ஹவுஸ் போடும் மதிப்பெண் அல்ல. குரோம் உலாவியில் அந்தப் பக்கத்தை உண்மையாகத் திறந்தவர்களின் அனுபவத்திலிருந்து, 28 நாள் தொகுப்பாகக் கிடைப்பவை.

உங்களூர்ச் சூளையையே எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை உலையில் ஒரு துண்டைச் சுட்டுப் பார்ப்பது ஒன்று. பெரிய சூளையில் சரக்கோடு சரக்காகச் செகர் கூம்பை வைத்து, அது வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது வேறொன்று. (இந்தக் கூம்பை ஜெர்மனியின் ஹெர்மன் செகர் 1886இல் உருவாக்கினார்.) லைட்ஹவுஸ் சோதனை உலை; பழுதைக் கண்டுபிடிக்க உதவும். தேடல் பார்ப்பதோ கூம்பை. நூறு முறை திறந்தால் 75 முறையாவது பெரிய படம் அல்லது பத்தி 2.5 வினாடிக்குள் வரவேண்டும். தொட்டால் 0.2 வினாடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும்; இந்த அளவு 2024 மார்ச்சில் சேர்ந்தது. வரிகள் இடம்பெயரும் அளவு 0.1ஐத் தாண்டக்கூடாது.

நாள் ஒன்றுக்கு நாலு பேர் வரும் பட்டறைத் தளத்திற்கு இந்தத் தொகுப்பே கிடைப்பதில்லை. சூளையில் கூம்பே வைக்கவில்லை! அப்படியிருக்க நூறு மதிப்பெண் வாங்கி என்ன பயன்? மேலும், தேடுபவர் கேட்டதற்கு விடை பக்கத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி என்று கூகுளே சொல்கிறது. வேகம் அதற்குப் பிறகுதான்.

அதற்காக வேகம் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். 'எகனாமிக் டைம்ஸ்' நாளேட்டின் தளம், பெரிய பகுதி தோன்றும் நேரத்தை 4.5 வினாடியிலிருந்து 2.5 ஆகவும், இடம்பெயர்வை 0.25லிருந்து 0.09 ஆகவும் குறைத்தபோது, வந்த சுவட்டில் திரும்பிப்போவோர் விகிதம் 43 சதவீதம் குறைந்ததாக 2021இல் தெரிவித்தது. காத்திருக்கச் சலித்துப் போகிறவர் வாசகர்தானே!

மாணவரின் தளம் தேடலில் அகப்படாததற்கு வேறு காரணம் இருந்தது. 'அகல் விளக்கு', 'இன்சுலேட்டர்', 'விருத்தாசலம்' ஆகிய சொற்கள் எல்லாம் அந்த நிழற்படங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தன. தேடுபொறி எழுத்தாக உள்ளதையே நம்பிப் படிக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஏறக்குறைய வெற்றுத்தாள். பக்கத்தை ஒரு நிமிடம் இழுத்தடித்ததும் அந்தப் படங்களே, ஊருக்குத் தெரியாமல் மறைத்ததும் அவையே.

"ரூபாயைக் கொடுக்க வேண்டாம், பட்டியலைத் தட்டச்சு செய்" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து செய்தார். பொம்மைகளின் படங்களை மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் 150 கிலோபைட்டுக்குள் சுருக்கினார். மதிப்பெண் 38லிருந்து 91 ஆயிற்று. முதலிடம் வரவில்லை. ஆனால் 'விருத்தாசலம் அகல் விளக்கு' என்று தேடினால் சில வாரங்களில் முதல் பக்கத்தின் அடியில் பட்டறையின் பெயர் தெரிந்தது. கார்த்திகைக்கு முன்னால் சேலத்திலிருந்து ஒரு கடைக்காரர் அழைத்து, இரண்டாயிரம் விளக்கு என்ன விலை என்று கேட்டாராம். விலை படியவில்லை என்பது வேறு கதை.